ஈரம் இருக்குக்கா

ஒரே ஒரு ஊர்ல அண்ணன் தம்பியக் கட்டுன ரெண்டு ஓரகத்திக இருந்தாளுக. மூத்தவ சீனியம்மா, எளையவ ராக்கு. ராக்கு புருசன் பாம்பு கடிச்சுச் செத்துப்போனான். ஒடனே மூத்தவ என்ன பண்ணுனா, கெணறு இருக்குற நெலத்தைத் தான் வச்சுக்கிட்டு, பாறைக்காட்டை இவ தலையில கட்டிட்டா. "ஆடி பொறக்குறதுக்குள்ள இதுல தண்ணி காட்டு. இல்லேன்னா நெலத்தை எங்கிட்டக் குடுத்துட்டு உங்க ஆத்தா வீட்டுக்கு நடையக் கட்டு"ன்னுட்டா. ஆத்தாதான் எப்பவோ போய்ச் சேந்துட்டாளே, இவ எங்க போவா?

அப்புறம் ராக்கு கடப்பாரையத் தூக்குனா. வெட்டுனா, வெட்டுனா, வெட்டிக்கிட்டே இருந்தா. கையெல்லாம் கொப்புளம், துணியச் சுத்திக்கிட்டு வெட்டுனா. சில நாளு குழிக்குள்ளயே ஒக்காந்து அழுவா. அழுதுட்டு மறுபடி வெட்டுவா.

மூத்தவளுக்குச் சோறு எறங்கல. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தா.

"ஏண்டி, தண்ணி வந்துருச்சா?"

"இல்லக்கா, ஈரம் இருக்கு."

மறுநாளும் வந்தா.

"ஏண்டி, ஊத்து வந்துருச்சா?"

"இல்லக்கா, ஈரம் இருக்கு."

மூணாம் நாளும் அதே கேள்வி, அதே பதிலு.

"ஈரமாமுல்ல ஈரம்! இந்தச் சிறுக்கிக்கு மட்டும் பாறையில ஊறுதாக்கும்"னு வயிறு எரிஞ்சா. அவ கெணறோ கோடையில வத்திச் சேறாக் கெடக்கு, அதைப் பத்தி மூச்சு விடல. "பாவம்டி நீ. என் கெணத்து நெலத்தை எடுத்துக்க, இந்தக் காட்டை எனக்குக் குடு"ன்னா.

"நெசமாவாக்கா?"

"கருப்பன் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணித் தாரேன். ஆனா ஆடிக் கெடு அங்கயும் கெடுதான்."

சூடத்தையும் அணைச்சுட்டா. அணைச்சுட்டுப் பேச்சு மாறுனா கண்ணு போயிரும்ல?

ராக்கு போய்ப் பாத்தா, கெணத்துல வெறும் சேறு. ஆடிக்கோ பத்தே நாளு. ஏமாந்துட்டமேன்னு ஒரு பொழுது பூரா அழுதா. அப்புறம் எறங்கி வெட்டுனா. ஏழாம் நாளு குபுகுபுன்னு வந்துச்சு பாரு ஊத்து!

அங்க மூத்தவ குழியில எறங்கித் தடவித் தடவிப் பாக்குறா, எல்லாம் புழுதி. ஓடியாந்து, "எங்கடி ஈரம்?"னு கத்துனா.

"அது என் வேர்வைக்கா. நீங்களும் வெட்டுங்க, ஈரமாகும்."

சிரிக்காதீக, கேளுங்க. அவளும் ஒரு நாளு வெட்டுனா, ரெண்டு நாளு வெட்டுனா, மூணாம் நாளு கடப்பாரையக் கடாசிட்டா. குடிக்கத் தண்ணிக்கு ராக்கு கெணத்துக்குத்தான் தெனமும் கொடத்தோட வரணும். ராக்கும் "எறச்சுக்கங்கக்கா"ன்னு கயித்தை நீட்டுவா. அதுதான் அவளுக்கு இன்னும் எரிஞ்சுச்சு.

அம்புட்டுத்தான் கதை. அழுகை வந்தா அழுதுட்டு எந்திரிச்சு வேலையப் பாருங்க. அடுத்தவ குழிய எட்டிப் பாத்தா வயித்தெரிச்சல்தான் ஊறும். கதைக்கு வாய மூடியாச்சு, நீங்க கண்ண மூடுங்க.