குறியிடாத பதிவு

ஊருக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் ஒரு சிறிய மடம். ஏட்டு பொன்னுரங்கம் படியேறி வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடத்தின் தலைவி மங்களாம்பிகை அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனம் கனக்கும்போதெல்லாம் அவர் தேடி வருவது அந்த அம்மையைத்தான்.

அம்மை முற்றத்து நிழலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீர்ப் பானை, அதன்மேல் கவிழ்த்த செம்பு.

“வாங்க ஏட்டையா. இன்னைக்கு நெஞ்சில கேமரா இல்லையே. தைரியமாப் பேசலாமா?”

“லீவும்மா.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“வீட்டுல விசேஷமா?”

“இல்லை. சாயங்காலம் நான் ஸ்டேஷன்ல இருக்க வேண்டாம்னு தோணுச்சு.”

பொன்னுரங்கமே சொல்லத் தொடங்கினார்.

காவலர்கள் சட்டையில் மாட்டும் கேமராக்களின் பதிவெல்லாம் அவருடைய கணினிக்குத்தான் வரும். வழக்குக்கு வேண்டியதற்கு அவர் ஒரு குறி போடுவார். குறி போட்டது நிற்கும். போடாதது கெடு முடிந்ததும் தானாக அழிந்துபோகும்.

“சடையாண்டின்னு ஒரு லோடு வண்டி டிரைவரைப் பிடிச்சுட்டு வந்தாங்க. மறுநாள் ஆஸ்பத்திரியில செத்துட்டான். ஸ்டேஷன்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தான்னு எழுதியிருக்கு.”

“நல்லா இருந்தானா?”

“வண்டிச் சோதனைக்குப் போயிட்டு வந்த காவலர் ஒருத்தர் கேமராவை அணைக்க மறந்துட்டாரு. அப்படியே அவனை வச்சிருந்த அறைவாசல்ல நின்னிருக்காரு. எல்லாம் பதிவாயிருக்கு. நான் பார்த்தேன்.”

“அடிச்சதுமா?”

“அடிச்சதும். அது முடிஞ்சப்புறம் தண்ணி கேட்கிறான். கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“மறுத்துட்டாங்களா?”

“யாரும் மறுக்கலைம்மா. ‘இரு, தர்றோம்’னாங்க. அப்புறம் அவன் கேட்கலை.”

பொன்னுரங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் பெண்டாட்டி வீராயி அந்தப் பதிவைக் கேட்டு மனு கொடுத்திருக்கா. தினமும் வந்து வாசல்ல நிக்கிறா.”

“நீங்க அவகிட்ட என்ன சொல்றீங்க?”

“‘இரும்மா, பார்க்கலாம்’னு சொல்வேன். வேற என்ன சொல்றது? இன்ஸ்பெக்டர் சொல்றாரு, ‘பதிவு எதுவும் இல்லைன்னு நாளைக்குப் பதில் எழுதுவோம்யா. நாளைக்கு அது பொய்யாவும் இருக்காது’ன்னு.”

“அப்போ கெடு இன்னைக்கா?”

“சாயங்காலம்.”

“குறி போட்டீங்களா?”

“போட்டா என்னை எங்கே தூக்கி அடிப்பாங்களோ. ஓய்வு பெறப்போற வயசும்மா.” குரல் தாழ்ந்தது. “ஆனா ஒண்ணு. நான் அதை அழிக்கலை. என் விரல்கூட அதுல படலை. அது தானா அழிஞ்சா எனக்கென்ன பாவம்? நீங்கதான் சொல்லணும்.”

பொன்னுரங்கத்துக்கு இருமல் வந்தது. அவ்வளவு படியையும் வெயிலில் ஏறிவந்த தொண்டை.

“முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.”

“இருங்க, தர்றேன்.”

அந்த மடத்துப் பானையில் வந்தவர்கள் கை வைப்பதில்லை. அம்மைதான் மொண்டு தர வேண்டும். அம்மையோ இன்னொரு தண்டை எடுத்து நிதானமாக இலை கிள்ளினார். பானை அவர் முழங்கையை உரசிக்கொண்டுதான் இருந்தது.

“அம்மா, தண்ணி.”

“தர்றேன்னு சொன்னேனே.”

கீரை முழுவதும் ஆய்ந்தாயிற்று. அம்மை தண்டுகளைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினார். முறத்தைத் தட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார். பொன்னுரங்கத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“என்னம்மா விளையாட்டு இது? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க!”

“நான் மறுக்கவே இல்லையே, ஏட்டையா” என்றார் அம்மை. “இன்னும் கொஞ்சம் பொறுங்க. தாகம் தானா அடங்கிடும்.”

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்கவில்லை. வெகுநேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குன்றடியில் ஸ்டேஷன் பக்கம் போகும் சாலையைப் பார்த்தார். அதில் இன்னும் வெயில் இருந்தது.

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வறண்ட வாயோடு படியிறங்கினார்.