குரங்கு கொண்டுவந்த ருசிப்பொடி

மலைக்காட்டில் ஒரு சுனை. அதன் கரையில் சிலும்பி என்ற முள்ளம்பன்றி தன் குட்டியோடு வாழ்ந்தது.

ஒருநாள் ஒரு குரங்கு, லாரியிலிருந்து உருண்டு விழுந்த மூட்டை ஒன்றைக் காட்டுக்குள் இழுத்து வந்தது. மூட்டை நிறைய ஆரஞ்சு நிறப் பொடி! மனிதர்கள் சிப்ஸில் தூவும் ருசிப்பொடி.

"அத்திப்பழம் கொண்டுவாருங்கள்! பாதி எனக்கு. மீதியில் பொடி தூவித் தருகிறேன்!" என்று கூவியது குரங்கு.

தின்றவர்கள் சொக்கிப் போனார்கள். மான் புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. பொடி இல்லாத பழத்தைக் கரடி காலால் தள்ளியது. சிலும்பியும் தின்றது, குட்டிக்கும் ஊட்டியது.

சில நாள் கழித்து, கிழங்கைக் கடித்த குட்டி வீரிட்டது. "அம்மா, எரியுது!"

சிலும்பி அதன் வாய்க்குள் பார்த்தது. நாக்கு வெடித்திருந்தது. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. சிலும்பி அன்றே பொடியை நிறுத்தியது. குட்டியின் வாய் மெல்ல ஆறத் தொடங்கியது.

உடனே சிலும்பி, குரங்கின் மூட்டையைச் சுற்றி நின்ற எல்லோரிடமும் ஓடியது. "வாய் புண்ணாவது இந்தப் பொடியால்தான்! விட்டுவிடுங்கள்!"

"எனக்கும் எரியத்தான் செய்கிறது. ஆனால் ருசி விடமாட்டேன் என்கிறதே!" என்றது மான்.

கரடி உறுமியது. "பொடியைக் குறை சொன்னால் இனி உனக்குச் சுனையில் தண்ணீர் கிடையாது!"

சிலும்பி பின்வாங்கவில்லை. முட்களைச் சடசடவென்று விரித்து, மூட்டைக்குக் குறுக்கே நின்றது.

"சுனையை மறித்துக்கொள், கரடியண்ணே! தொலைதூர ஓடைக்குப் போய்க் குடிக்கிறேன். என் குட்டி வாயில் இந்தப் பொடி இனி விழாது! டேய் குரங்கே, எங்கள் கண் முன்னால் ஒரு வாய் தின்னு. தின்றால் நான் இந்தக் காட்டை விட்டே போகிறேன்!"

"எ...எனக்குப் பசியில்லை" என்று குழறியது குரங்கு. அதன் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

கரடிக்குச் சந்தேகம் வந்தது. கன்னத்தைப் பிடித்து அமுக்கியது. பொலபொலவென்று அத்திப்பழங்கள் கொட்டின. ஒன்றில்கூடப் பொடி இல்லை!

"எங்களுக்குப் பொடி, உனக்கு நல்ல பழமா?"

"முதல் தடவை நக்கியபோதே என் நாக்கு எரிந்தது. அதனால்தான்..." என்று உளறிவிட்டு, குரங்கு மரத்துக்கு மரம் தாவி ஓடியே போனது.

கரடியும் சிலும்பியும் மூட்டையை ஒரு வறண்ட குழிக்குள் தள்ளி, மேலே பாறையை உருட்டி மூடின.

"பழம் சப்பென்று இருக்கிறதே!" என்று கரடி முகத்தைச் சுளித்தது.

"இருக்கட்டும், தின்னு!" என்று அதட்டியது சிலும்பி.

புண் ஆற ஆற, மறந்துபோன இனிப்பு ஒவ்வொரு வாயிலும் திரும்பியது.

ஊரே சப்புக்கொட்டித் தின்றாலும், உடம்பைக் கெடுக்கும் ருசியை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும்.