கொண்டலாத்தி நடத்திய கோடை முகாம்

வேலங்காட்டில் கொண்டலாத்திப் பறவை ஒன்று பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தப்போகிறது என்று கேள்விப்பட்டதும், வெள்ளெலி வேலாத்தா கேட்டது ஒரே கேள்விதான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பிள்ளைங்களுக்காகத்தான்," என்றது முயல் செங்கோடன். "பள்ளிக்கூடம் நடத்தற ஆமை, குட்டை வத்தினதும் சேத்துக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. மழை வந்தாத்தான் எந்திரிக்கும். அதுவரைக்கும் இதுங்களை யாரு கட்டி மேய்க்கறது? என்னோட மூணும் நேத்து சப்பாத்திக்கள்ளியில ஏறிக் குதிச்சுட்டு, உடம்பெல்லாம் முள்ளோட வந்து நிக்குதுங்க."

"அது சரிங்கண்ணா. இதுல கொண்டலாத்திக்கு என்ன கிடைக்குது?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம், அம்மிணி. அது புழு பூச்சி திங்கற பறவை. நம்மளை என்ன பண்ணிரும்?"

அதுவும் உண்மைதான். கொண்டலாத்தி எலியைத் தின்னாது. முயலைத் தின்னாது. தலையில் விசிறிக் கொண்டையும் இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளுமாகப் பார்க்கவும் அழகாக இருந்தது. தணிந்த குரலில் பேசியது. காட்டில் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். வேலாத்தாவும் தன் மகள் பொட்டுவை அனுப்பியது. ஆனால் முகாம் நடந்த வாகை மரத்துக்குப் பக்கத்திலேயே புல் பொறுக்குவதுபோல் ஒரு கண் வைத்திருந்தது.

முதல் நாள் பிள்ளைகள் எறும்புகளின் பின்னால் போனார்கள். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைப் பார்த்தால் எத்தனை முறை மீசையைத் தொடுகிறது என்று எண்ணினார்கள். இரண்டாம் நாள் ஒரு குச்சியை நட்டு வைத்து, அதன் நிழல் காலையில் எவ்வளவு நீளம், உச்சியில் எவ்வளவு நீளம் என்று காலால் அளந்தார்கள். மூன்றாம் நாள் உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி வந்து, எது யாருடையது என்று கண்டுபிடித்தார்கள்.

பொட்டு தினமும் வாய் ஓயாமல் பேசியபடி வீடு திரும்பியது. "அம்மா, உச்சி வேளையில நிழல் குச்சிக்கடியில போய் ஒளிஞ்சுக்குது, தெரியுமா?"

வேலாத்தாவுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. இத்தனை நல்லது செய்யும் பறவையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அன்று முழுக்கத் தன்னைத்தானே கடிந்துகொண்டது.

நான்காம் நாள் பொட்டு ஓர் எருக்கிலையைக் கொண்டுவந்தது. கையில் ஒரு முள்ளும் இருந்தது.

"இன்னிக்குப் படம் வரையறோம்மா. அவங்கவங்க வீட்டுப் படம். எத்தனை வாசல், எந்த வாசல் எங்க தொறக்குது, யாரு எங்க படுப்பாங்க, எல்லாம் வரையணும். நம்ம பின்வாசல் எந்தப் புதருக்கடியில வருதும்மா?"

வேலாத்தாவுக்கு மீசை சிலிர்த்தது. வெள்ளெலி வளையின் முன்வாசல் ஊருக்குத் தெரியும். பின்வாசல் யாருக்கும் தெரியாது. அதன்மேல் மெல்லியதாய் மண் மூடியிருக்கும். பாம்பு முன்னால் நுழைந்தால், பின்னால் அந்த மண்ணை முட்டித் திறந்து ஓடிவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று வேலாத்தா பக்கத்து வளைக்குக்கூடச் சொன்னதில்லை.

இலையை எடுத்துக்கொண்டு நேரே வாகை மரத்துக்குப் போனது.

"வாத்தியாரே, வீட்டுப் படம் எதுக்குங்க?"

"திசை தெரிஞ்சுக்கத்தாங்க," என்றது கொண்டலாத்தி. "பிள்ளைங்க வழி தவறிட்டா வீடு வந்து சேரணுமில்ல?"

"அப்படின்னா பார்த்துட்டு இலையைத் திருப்பிக் கொடுத்துருவீங்களா?"

"கண்காட்சி வைக்கப் போறோங்க. எல்லா இலையும் நாளன்னிக்குள்ள வந்தாகணும். காடை மகள் இன்னிக்கே வரைஞ்சு கொடுத்துட்டா. எவ்வளவு அழகு தெரியுமா?"

அது பேசும்போது வேலாத்தா அதன் அலகைப் பார்த்தது. அலகு நுனியில் ஈரமான செம்மண் ஒட்டியிருந்தது. மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லை. நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. ஈர மண்ணுக்கு ஒரு முழம் தோண்டவேண்டும். இந்த மெல்லிய அலகு அத்தனை ஆழம் எப்படி இறங்கியது?

மறுநாள் காலையில் காடை மாராயி அழுதுகொண்டு ஓடிவந்தது. தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் கூட்டில் இருந்த ஏழு முட்டைகளும் போய்விட்டன. புல்லுக்குள் யார் கண்ணுக்கும் படாத கூடு அது.

"பாம்பாத்தான் இருக்கும்," என்று வருத்தப்பட்டது செங்கோடன்.

வேலாத்தா கூட்டருகே போய்க் குனிந்து பார்த்தது. ஓடுகள் நொறுங்கிச் சிதறியிருந்தன.

"பாம்பு முழுசா விழுங்கும்ணா. ஓட்டை உடைச்சுப் போடாது."

"அப்ப கீரி."

"மாராயி அக்கா மகள் நேத்துத்தான் கூட்டைப் படம் வரைஞ்சு கொடுத்தா."

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. "துக்கத்துல இருக்கறவங்ககிட்ட இப்படியா பேசுவே? பிள்ளைங்க பாட்டுக்கு நாலு விஷயம் கத்துக்கிட்டிருக்குதுங்க. அதைக் கெடுத்துராதே."

வேலாத்தா ஓடுகளை மண்ணில் மூடிவிட்டு நகர்ந்தது. ஆனால் அன்று மதியம் முகாம் முடிந்ததும் கொண்டலாத்தி பறந்த திசையிலேயே புதர் புதராகப் பதுங்கிப் போனது. ஓடைக்கரையில் ஏழெட்டுக் குழிகள் புதிதாய்த் தோண்டப்பட்டுக் கிடந்தன. உள்ளே ஈர மண். கொண்டலாத்தி குழிக்குள் தலையை விட்டுக் கொழுத்த புழுக்களை இழுத்து இழுத்துத் தின்றது. குழிகளைச் சுற்றிலும் காலடிகள். நான்கு விரல், நான்கு நகம். நரியின் காலடி.

திரும்பி வந்து சொன்னபோது செங்கோடன் மசியவில்லை. "நரி எதுக்கோ தோண்டிச்சு. பறவை அதுல மேயுது. இதெல்லாம் ஒரு சாட்சியா?"

சாட்சி இல்லைதான். வேலாத்தா நெடுநேரம் யோசித்தது. பிறகு பாறைச் சரிவில் குடியிருந்த முள்ளம்பன்றி ராக்கியண்ணனைத் தேடிப் போனது.

"மாமா, உங்க வாசலை ஒரு நாளைக்கு எங்க வாசல்னு சொல்லிக்கலாங்களா?"

ராக்கியண்ணன் கதை முழுவதையும் கேட்டது. "நரி வந்தா?"

"அதுக்குத்தாங்க கேட்கறேன்."

"வந்தா அதோட பாடு," என்று சொல்லிவிட்டு முட்களை ஒரு முறை சிலுப்பிக் காட்டியது.

பொட்டுவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "வாத்தியார்கிட்டப் பொய்ப் படம் கொடுக்கச் சொல்றியா? மாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கண்ணு, உங்க வாத்தியார் நல்லவருன்னா இந்த இலை சும்மா மரத்துல தொங்கும். யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. அம்மா தப்பா நினைச்சேன்னு எல்லார் முன்னாலயும் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கறேன்."

பொட்டு அரைமனதோடு இலையை விரித்தது. பிறகு முள்ளை எடுத்து, அம்மா சொல்லச் சொல்ல வரைந்தது. பின்வாசல் பாறைச் சரிவில் வருகிறது. மேலே விரலளவு மண்தான். அதை ஒட்டியே ஆறு பேர் படுத்துத் தூங்குகிறார்கள். வரைந்து முடித்தபோது அதன் கண் கலங்கியிருந்தது. மறுநாள் கொண்டலாத்தி அந்த இலையை வாங்கிப் பார்த்து, "பிரமாதம்!" என்று பாராட்டியது.

அதற்கடுத்த நாள் விடிந்தும் விடியாத வேளையில் பாறைச் சரிவிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. காடே எழுந்து ஓடியது.

நரி மூக்கிலும் வாயிலும் முட்கள் குத்தி நிற்கப் புரண்டுகொண்டிருந்தது. கூட்டத்தைக் கண்டதும் எழுந்து, முன்னங்காலால் முகத்தைத் தேய்த்தபடியே ஓடையைத் தாண்டி ஓடிப்போனது. ராக்கியண்ணன் வாசலில் அமைதியாக நின்றது. அதன் காலடியில் நரி போட்டுவிட்டு ஓடிய சில எருக்கிலைகள் சிதறிக் கிடந்தன.

மேலே கிடந்தது பொட்டுவின் படம். செங்கோடன் அதற்கடியில் இருந்த இலையை எடுத்துத் திருப்பியது. மூன்று வாசல்கள். நடுவில் நீளக் காதோடு ஓர் உருவம் படுத்திருந்தது. கோணல் கோடு. அதன் கடைக்குட்டி வரைந்த படம்.

"இது நான்தான்," என்றது செங்கோடன்.

எல்லோரும் வாகை மரத்துக்குப் போனார்கள். கொண்டலாத்தி தப்பிக்கப் பார்க்கவில்லை.

"மண்ணு கல்லாட்டம் இறுகிருச்சு. என் அலகு இறங்கலீங்க. பட்டினி கிடந்தேன். நரி தோண்டிக் கொடுக்கறேன்னுச்சு, படம் மட்டும் கொண்டா போதும்னுச்சு. நான் உங்க பிள்ளைங்க மேல ஒரு கீறல் போட்டிருப்பேனா? நல்லதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்?"

"என் ஏழு முட்டை?" என்று கேட்டது மாராயி.

கொண்டலாத்தியின் கொண்டை மடங்கியது. அது கிளையைவிட்டு எழும்பி, திரும்பிப் பார்க்காமல் பறந்து போனது.

அன்று காடு முழுக்க மண் பறந்தது. ஒவ்வொருவரும் பழைய வாசல்களை அடைத்துப் புதிதாய்த் தோண்டினார்கள். வேலாத்தாவின் பக்கத்தில் நின்று தோண்டிய செங்கோடன், "அம்மிணி, நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்," என்றது.

"நானும் ஒரு நாள் முழுக்க அதை நல்லவன்னு நம்பினவதாண்ணா," என்றது வேலாத்தா.

பொட்டு மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. "அப்ப வாத்தியார் சொல்லிக் கொடுத்தது எல்லாம் பொய்யாம்மா? எறும்பு, இறகு எல்லாம்?"

"அது எல்லாம் நிசம், கண்ணு. படம் கேட்டதுதான் தப்பு."

மறுநாள் முதல் பெற்றவர்களே முறை வைத்து முகாம் நடத்தினார்கள். மாராயி எந்தப் புல்லின் விதையைத் தின்னலாம் என்று காட்டியது. செங்கோடன் தாவுவதற்குமுன் தரையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தது. வேலாத்தாவின் முறை வந்தபோது அது பிள்ளைகளுக்கு மண் தோண்டக் கற்றுக் கொடுத்தது. ஆனால் யாருடைய வீட்டு வாசல் எங்கே என்று அது கேட்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வருகிறவர் என்ன கொடுக்கிறார் என்று பார்த்தால் மட்டும் போதாது, அவர்களிடமிருந்து என்ன கேட்டு வாங்குகிறார் என்றும் பார்க்க வேண்டும்.