ஒளிவட்டம் வந்து சேரவில்லை

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் இளைய மருமகள் ஜெனோவா. கல்யாணமாகி வந்த வருஷம், தவக்காலத்து இரண்டாம் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து இருவரும் வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள். நடந்தது அவளுக்குத்தான். தன்னை நல்லவளாக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அது நடந்தபோது அவள் தூத்துக்குடியில் கல்லூரி மாணவி. அங்கே நாடகக் குழுவை நடத்தியவர் சிஸ்டர் ஹெர்மினா. சிஸ்டரும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து மூன்று புனிதர்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார்கள். போலந்து நாட்டில் நடக்கும் மாணவர் நாடக விழாவுக்கு அதைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பு வந்தது. மார்ச் மாதம், ஏழு பேர் புறப்பட்டார்கள்.

பெரிய வேடம் ஜெனோவாவுக்கு. தொழுநோயாளிகளோடு வாழ்ந்து, அவர்கள் காலைக் கழுவிய புனிதை. அந்தக் குழுவில் ஒரு வழக்கம்: புனிதர் வேடம் போடுகிறவர்கள் நாற்பது நாள் ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு, இருக்க வேண்டும். ஜெனோவா நாற்பது நாளும் மீன் தொடவில்லை. கடற்கரைப் பிள்ளைக்கு அது லேசான காரியமா?

புனிதையின் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம். கிறிஸ்துமஸ் சீரியல் பல்பைக் கம்பியில் சுற்றி, பேட்டரி மாட்டிச் செய்தது. நோயாளி வேடம் போடும் டெல்சி அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் கம்பியையும் பேட்டரியையும் பார்த்தவர்கள் விடுவார்களா? வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“மூளைய வீட்டுல வச்சிட்டு வந்தியாட்டி?” என்று ஜெனோவா டெல்சியைக் கேட்டதோடு சரி. இரண்டு நாளாக அவளிடம் பேசவில்லை.

நாடகம் மாலை நாலு மணிக்கு. மதியத்திலிருந்தே ஜெனோவாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். சாக்லேட் சுற்றிய தாளைப் பிரித்து நீவினாள். பிறகு கசக்கி எறிந்தாள்.

“கொஞ்சம் உக்காரு பிள்ள,” என்றார் சிஸ்டர்.

“எப்படி சிஸ்டர் உக்கார? இவங்களுக்குத் தமிழ் தெரியாது. வட்டமும் இல்ல. நான்தான் புனிதைன்னு எப்படித் தெரியும்?”

“கால் கழுவுற காட்சியை ஒருதரம் போடுங்க,” என்றார் சிஸ்டர்.

மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, என்னவோ ஏதோ என்று உட்கார்ந்தாள்.

டெல்சி பாயில் சுருண்டு கிடந்தாள், கைகளில் கட்டு. ஜெனோவா குடமும் தாம்பாளமுமாக வந்து முழங்காலிட்டாள். முகத்தை வானத்துக்கு உயர்த்தி, பார்க்கிறவர்கள் பக்கம் திருப்பி, நீண்ட ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள். அவள் முந்தானை நழுவித் தாம்பாளத்தில் விழப்போனது. டெல்சி கட்டுப்போட்ட கையால் அதை மெல்ல எடுத்து, நனையாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நோயாளி கை ஆடக் கூடாதுட்டி,” என்று பல்லுக்குள் சொன்னாள் ஜெனோவா. இரண்டு நாளில் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

டெல்சி கையை எடுக்கவில்லை.

காட்சி முடிந்தது. சிஸ்டர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். தன் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். பிறகு மேடையில் இருக்கும் இருவரையும் காட்டி, யார் என்று கையை விரித்தார்.

அந்த அம்மாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டெல்சியைக் காட்டினாள்.

டெல்சி பதறி எழுந்தாள். “ஐயோ, நான் இல்லம்மா. நான் நோயாளி, நோயாளி,” என்று கட்டுப்போட்ட இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தாள். ஆனால் நீட்டிய விரலை மாற்றவில்லை.

ஜெனோவாவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

“அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாது சிஸ்டர்.”

“ஆமா. அதனாலதான் அவங்ககிட்ட கேட்டேன்.”

வாசலில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அந்த அம்மா எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

“இன்னொரு தரம் ஒத்திகை பாத்திருவமா சிஸ்டர்?”

“நேரமில்ல.”

“அப்போ என் வேஷத்த டெல்சிக்குக் குடுத்துருங்க. நான் பாயில படுத்துக்கிடுதேன்.”

“வேண்டாம். உன் வேஷம் உனக்குத்தான்.”

“நாற்பது நாள் ஒருசந்தி இருந்தேனே சிஸ்டர். இப்போ நான் என்னதான் செய்ய?”

சிஸ்டர் தாம்பாளத்தில் விரலை நனைத்துப் பார்த்தார்.

“தண்ணி ஐஸா இருக்கு. கொஞ்சம் வெந்நி கலந்துக்க.”

ஜெனோவா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாலை நாடகம் எப்படி நடந்தது என்று நான் கேட்டேன். “வெந்நி கலந்துதான் ஊத்துனேன்,” என்றாள்.

சிஸ்டர் ஹெர்மினாவுக்கு வருகிற புதன்கிழமை கண் ஆபரேஷன். உங்கள் ஜெபத்தில் அவரையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ளுங்கள்.