கவுத்த தட்டும் கரிக்கோடும்

ஒரு ஊர்ல ஒரு வாளிக்காரன் இருந்தானாம். வாளி விக்கிறவன் இல்ல கண்ணு, ஓட்டை வாளிக்குப் புது அடி வச்சுத் தர்றவன். பேரு காத்தமுத்து. வீட்டு வாசல்லயே உக்காந்து டங் டங் டங்குனு தட்டிக்கிட்டே இருப்பான்.

அவன் பொண்டாட்டி சிட்டம்மா. அவளுக்கு அடிக்கடி ஒத்தத் தலைவலி வந்துரும். ஒரு பக்கமா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குமட்டிக்கிட்டு வரும். சுருண்டு படுத்துக்குவா. ம் கொட்டு.

அப்போ பக்கத்து வீட்டு அத்தை வந்து சுக்கை அரைச்சுப் பத்துப் போட்டாங்க. நெத்தி எரிஞ்சுதே ஒழிய வலி போகல. அப்புறம் கண்ணு பட்டிருக்கும்னு மிளகாயைச் சுத்தி நெருப்புல போட்டாங்க. படபடபடன்னு வெடிச்சு வீடெல்லாம் ஒரே நெடி. அச்சு, அச்சு! வலி ரெண்டு பங்காச்சு.

மூணாவதா சிட்டம்மா மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டா. "ஆத்தா, இந்த வலி போற வரைக்கும் வெள்ளிக்கிழமை பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கேன்."

போச்சா? இல்லியே. இன்னும் அதிகமா வந்துச்சு. ஆத்தாவுக்கு என் மேல கோவம்னு அழுதா.

அப்போ ஒருநாள் தெருவுக்கு நர்சம்மா வந்தாங்க. மாத்திரை குடுத்து, "வலி லேசா தொடங்கும்போதே போடு. வலி வர்ற நாளெல்லாம் என்ன சாப்பிட்டே, வெயில்ல நின்னியான்னு எழுதி வை"ன்னாங்க.

"நாங்க ரெண்டு பேரும் கைநாட்டு நர்சம்மா"ன்னான் காத்தமுத்து.

"கோடு போடத் தெரியுமில்ல?"

அன்னைலேர்ந்து சுவத்துல கரியால கோடு போட்டான். வலி வந்தா ஒரு கோடு. பக்கத்துல, வெயில்ல நின்னிருந்தா ஒரு வட்டம், சாப்பிடாம கிடந்தா ஒரு கவுத்த தட்டு.

ரெண்டு மாசம் ஆச்சு. சிட்டம்மா சேலையை மூட்டை கட்டிட்டா. "வர்ற வெள்ளியும் வலி வந்தா என்னை அம்மா வீட்டுலயே கொண்டு விட்டுரு. உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

காத்தமுத்து சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னான். திடீர்னு, "ஏ புள்ள, இங்க வா! ரெண்டே ரெண்டு வட்டம். மத்ததெல்லாம் கவுத்த தட்டு. நீ பட்டினி கிடக்கிற அன்னைக்குத்தான் வருது!"

"வாயை மூடுய்யா. ஆத்தா காதுல விழப் போவுது."

"விழட்டும். நேர்லயே போய்ச் சொல்லிக்குவோம்."

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனான். "ஆத்தா, இவ பட்டினி உனக்கு வேணாம். வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் ஒரு பானை கூழ் காய்ச்சுறோம். முதல் சொம்பு உனக்கு, ரெண்டாவது இவளுக்கு, மிச்சம் தெருவுக்கு. சம்மதமா?" வேப்பமரம் சலசலன்னு ஆடுச்சு. ஆத்தா சரின்னாளோ, வெறும் காத்தோ, யாரு கண்டா?

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. சிட்டம்மா மடக்கு மடக்குன்னு கூழ் குடிச்சா.

"வலிக்குதா?"

"இல்ல."

அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சு, "இப்போ?"

"இல்லய்யா."

"இப்போ?"

"நீ கேட்டுக் கேட்டே வரவச்சிருவ போல!" சொல்லிட்டுச் சிரிச்சா. எத்தனை நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு! சாயங்காலம் மூட்டையை அவுத்துச் சேலையைக் கொடியில போட்டா.

அதோட வலி ஒரேயடியா போயிருச்சான்னா, இல்ல கண்ணு. வெயில்ல அலைஞ்சா எப்பவாச்சும் வரும். அவ நெத்தியைத் தொட்டாப் போதும், டங் டங் சத்தம் டக்குனு நின்னுரும். மாத்திரை குடுப்பான், சன்னலைச் சாத்துவான், ஈரத்துணி போடுவான். சத்தம் நின்னா சிட்டம்மா தூங்குறான்னு தெருவே மெதுவாப் பேசும்.

ம்?

உன் ம் சத்தமும் நின்னு போச்சா? சரி. அவளும் தூங்கிட்டா, நீயும் தூங்கு. கதையும் படுத்துக்கிச்சு.