பதிவின் மிச்சம்

படத்தில் ஒரு லாரி மோட்டார் சைக்கிளை அடித்து வீழ்த்த வேண்டும். அந்த ஓசைக்காகத் தணிகாசலம் பழைய இரும்பு பீரோவை உயரத் தூக்கிப் போட்டார், கண்ணாடி உடைத்தார், தகரத்தைச் சங்கிலியால் விளாசினார். இயக்குநருக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"பீரோ விழுந்த மாதிரியே இருக்கே" என்றார் அவர்.

"பீரோதானே விழுந்தது" என்றார் தணிகாசலம்.

சண்டைப் படங்களின் வண்டிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் ஓசை செய்து கொடுப்பது அவர் தொழில். உண்மையான துப்பாக்கியின் வெடியோசை திரையில் ஊசிப் பட்டாசு போல இளைத்துப்போகும் என்பார். தாழ்ப்பாளையும் தோல் மெத்தையையும் கொண்டு அவர் செய்த வெடியோசைதான் கொட்டகைகளை அதிர வைத்தது.

ஜெயசீலன் அவரிடம் வேலை கற்றவன். தலையில் நரை தட்டியும் அவன் பெயர் திரையில் தனியாக வந்ததில்லை. உதவியாளர் கூட்டத்தில் ஒன்றாக ஓடி மறைந்துவிடும்.

விரைந்து போகும் லாரிகளின் ஓசையைப் பிடித்துவர அவனைப் புறவழிச் சாலைக்கு அனுப்பினார். அவன் கொண்டுவந்ததோ வேறொன்று. அவன் கண்ணெதிரே ஒரு லாரி மோட்டார் சைக்கிளில் மோதியிருந்தது. மைக் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

மோதும் இடத்தை மட்டும் கேட்ட இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அடுத்த படம் உனக்குத்தான்யா. தனியாவே பண்ணு."

ஆனால் இது தணிகாசலத்தின் படம். அவர் சம்மதிக்காமல் ஓர் ஓசையும் உள்ளே போகாது. ஜெயசீலன் அவர் முன்னால் போய் நின்றான்.

"உண்மையான ஓசை எடுபடாதுன்னு சொல்வீங்க. இது எடுபடுது சார். நான் ஒண்ணும் செய்யல, அதுவா நடந்துச்சு. இதைப் படத்துல போட்டா தப்பா?"

"அடிபட்ட ஆளு?"

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போயிட்டான் சார்."

தணிகாசலம் எழுந்தார். அறைக் கதவைச் சாத்தினார். விளக்கைக் குறைத்தார்.

"போடு."

பிரேக் கிறீச்சிட்டது. மோதல். இரும்பு, தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே போய் நின்றது.

ஜெயசீலன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தமா இருக்கு. வெட்டவெளியில ஒரு பொட்டுக் காத்துகூட மைக்குல ஏறலையே, எப்படிடா?"

அவர் வாயால் பாராட்டு என்பதை அவன் கேட்டதே இல்லை. முகம் மலர்ந்துபோயிற்று. "மைக் உறையை மறந்துட்டுப் போயிட்டேன் சார். தோள்ல கெடந்த துண்டை எடுத்துச் சுத்திக் கட்டிட்டேன்."

"கெட்டிக்காரன்."

ஜெயசீலன் நிறுத்துவதற்குக் கை நீட்டினான். "இவ்வளவுதான் சார். இதுக்கு மேல நமக்கு வேண்டியது ஒண்ணுமில்ல."

"ஓடட்டும்."

ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அது ஓய்வதற்குள் செருப்போசை ஒன்று சாலையைக் கடந்து ஓடியது.

"யாரது?"

"இளநீர் விக்கிற அம்மா."

யாரோ தொப்பென்று குதித்தார்கள். கனத்த கால்கள் தடதடவென்று வந்தன.

"இது?"

"லாரி டிரைவர். ஓடிப்போயிடுவான்னுதான் நெனச்சேன். கிட்ட வந்துட்டான்."

ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "ரத்தம் நிக்க மாட்டேங்குதே! அழுத்திக் கட்டணும்யா. யார்கிட்டயாவது துண்டு இருக்கா, துண்டு?"

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு சேலை கிழியும் ஓசை. அதுவும் துல்லியமாகவே பதிவாகியிருந்தது.

ஜெயசீலனின் கை மறுபடியும் பொத்தானுக்குப் போயிற்று. தணிகாசலம் அந்தக் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"சார்... இதைப் போடலாமா, வேண்டாமா?"

"முழுசாக் கேளு" என்றார் தணிகாசலம். "உன் காலடி வந்ததும் சொல்லு. நிறுத்திடலாம்."