எட்டு மென்பொருளும் ஒரு தொலைபேசியும்

இரண்டு வாரத்தில் ஆவுடையப்பனுக்கு ஏழு மென்பொருள்கள் பிடிக்காமல் போயிருந்தன. எட்டாவதை அன்று காலைதான் இறக்கியிருந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ரத்தக் கொடையாளர் சங்கம் இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் பேரின் பெயர், ரத்தப் பிரிவு, தொலைபேசி எண் எல்லாம் அங்கே ஒரு டேட்டாபேஸில் கிடந்தன. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கத்தான் இத்தனை மென்பொருளும். டேட்டாபேஸைக் கட்டியவர் நிலோஃபர். சனிக்கிழமைதோறும் வந்து கற்றுக்கொடுப்பார்.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

"மேடம், இன்னைக்காவது சொல்லிருங்க. இதுல எதை வச்சுக்கிட?"

"உங்களுக்கு எது தோதோ, அது."

"அதான் தெரியலையே. ஒண்ணு படம் போட்டுக் காட்டுது, ஆனா மெதுவா வருது. ஒண்ணு வேகமா வருது, எழுத்து பொடிசா இருக்கு. ஒண்ணுல எதை அழிச்சாலும் மூணு தடவை கேக்குது. ஒண்ணு கேக்கவே மாட்டேங்குது, அதைப் பாத்தாலே பயமா இருக்கு."

"நல்லா பாத்திருக்கீங்க."

"நீங்க எதை வச்சிருக்கீங்க?"

நிலோஃபர் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து இரண்டு வரி. ஆவுடையப்பன் அதில் எதை அமுக்குவது என்று தேடிப் பார்த்தார்; ஒரு பொத்தானும் இல்லை.

"எனக்கு இது பழகிருச்சு அண்ணாச்சி. உங்களுக்கு இது வேண்டாம்."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. ஒரு நோட்டில் எட்டு மென்பொருளுக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்து விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்போது படியேறி ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பெயர் இசக்கிமுத்து என்றார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"அக்காவுக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன். பாம்பே குரூப்புன்னு சொல்லுதாங்க. வேற எந்த ரத்தமும் சேராதாம். எனக்குப் பாத்தாங்க, எனக்கு அது இல்ல. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஆள் வந்தாத்தான் எடுத்து டெஸ்ட் பண்ணி வைக்க முடியுமாம்."

ஆவுடையப்பன் எட்டாவது மென்பொருளைத் திறந்தார். பட்டியல் பளிச்சென்று விரிந்தது. ரத்தப் பிரிவு என்ற தலைப்பைச் சொடுக்கி, தேடும் கட்டத்தில் 'பாம்பே' என்று அடித்தார். பட்டியல் வெறுமையானது.

"ஒருத்தரும் இல்லையே, தம்பி."

இசக்கிமுத்து சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணாச்சி," என்றார் நிலோஃபர். "திரைக்கு அடியில ஒரு வரி இருக்கு. அதை வாசிங்க."

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். 'முதல் ஆயிரம் வரிசைகள் மட்டும் காட்டப்படுகின்றன.'

மிச்ச மூவாயிரம் பேரை அது தேடவே இல்லை. "தம்பி, போயிராதீங்க! நில்லுங்க!"

அவசரமாக ஐந்தாவது மென்பொருளைத் திறந்தார். அது முழுப் பட்டியலையும் துழாவி மூன்று பெயரைக் காட்டியது.

"பாத்தீங்களா மேடம்? அந்த எட்டாவது சனியன் ஆளையே கொன்னுருக்கும். இந்த அஞ்சாவதுதான் சரி. முடிவு பண்ணிட்டேன், இனி இதுதான்."

நிலோஃபர் மேசைத் தொலைபேசியை நகர்த்தி அவர் முன்னால் வைத்தார்.

"கூப்பிடுங்க."

முதல் எண் உபயோகத்தில் இல்லை.

இரண்டாவது எண்ணில் ஒருவர் எடுத்தார். மஸ்கட்டில் இருந்தார். போய் நாலு வருஷம் ஆகிறதாம். "ஊர்ல இருந்தா ஓடி வந்திருப்பேன்" என்றார், மெய்யான வருத்தத்தோடு.

இசக்கிமுத்து சுவரில் சாய்ந்து நின்றார். ஆவுடையப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது பெயர் மரியதாஸ். எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி அமுக்கினார்.

ஒரு பெண் குரல் எடுத்தது.

"மரியதாஸ் இருக்காரா? ரத்தக் கொடையாளர் சங்கத்துல இருந்து பேசுதோம்."

"அண்ணன் செத்து மூணு வருஷம் ஆச்சு."

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. தெரியாம..."

"தெரியாதுன்னு தெரியும். வருஷா வருஷம் அண்ணன் பொறந்தநாளுக்கு உங்ககிட்ட இருந்து வாழ்த்து வருது. நீடூழி வாழ்கன்னு. மொத வருஷம் ஆத்திரமா வந்துச்சு. போன் போட்டுத் திட்டணும்னு நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன். அண்ணன் பேரைச் சொல்லி வேற யாரும் ஒண்ணும் அனுப்புறதில்ல. அந்த நம்பரை நான்தான் அணையாம வச்சிருக்கேன்."

தொலைபேசியின் ஒலிபெருக்கி போட்டிருந்தது. அந்த வாழ்த்தைத் தானாக அனுப்பும்படி எழுதி வைத்தவர் நிலோஃபர். அவர் தலை குனிந்திருந்தது.

ஆவுடையப்பன் தொலைபேசியை வைக்கப் போனார். வைக்கவில்லை. எதற்கு அப்படிச் செய்தார் என்று பிறகு கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"அம்மா, இங்க ஒரு பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். அதே குரூப். உங்க குடும்பத்துல வேற யாருக்காவது..."

"எனக்கு இருக்கு."

"என்னம்மா?"

"அண்ணனுக்குக் கண்டுபிடிச்சப்பவே எனக்கும் பாத்தாங்க. எனக்கும் அதேதான். எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எந்த ஆஸ்பத்திரி?"

இசக்கிமுத்து சுவரை விட்டு வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்று, ஆஸ்பத்திரியின் பெயரையும் அக்காவின் பெயரையும் கத்திச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. கோவில்பட்டியில் இருந்தார். இப்போதே பஸ் ஏறினால் மதியம் இரண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்றார். எடை எவ்வளவு, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, காய்ச்சல் வந்ததா என்று ஆவுடையப்பன் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது.

இசக்கிமுத்து படியிறங்கி ஓடினார். நன்றி சொல்லவும் மறந்துவிட்டார்.

மாடி அமைதியானது. ஆவுடையப்பன் தொலைபேசியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

"மேடம், அந்தம்மா பேரு எட்டுல ஒண்ணுலகூட இல்லையே."

"இல்ல."

"எட்டும் பாக்குறது ஒரே பட்டியலைத்தானே?"

"ஆமா."

"அதைக் கடைசியா யாரு சரி பாத்தது?"

"நான். நாலு வருஷத்துக்கு முன்னால."

அவர் மதிப்பெண் நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அது காலியாக இருந்தது. பட்டியலில் முதல் ஐம்பது பேரின் பெயரையும் எண்ணையும் அதில் எழுத ஆரம்பித்தார். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிடவேண்டும் என்று முணுமுணுத்தார். நாலாயிரம் பேர் என்று நினைத்ததும் மலைப்பாக இருந்தது. ஆனாலும் எழுதினார்.

நிலோஃபர் தேநீர் வாங்கிவர ஆள் அனுப்பினார்.

பாதியில் ஆவுடையப்பன் பேனாவை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார். அப்போது எது திறந்திருந்ததோ அதிலேயே ஜெசிந்தாவைப் புது வரிசையாகச் சேர்த்தார். அது ஐந்தாவதா, மூன்றாவதா என்று அவர் பார்க்கவில்லை. மஸ்கட்காரரின் பெயருக்கு நேரே ஊரை மாற்றினார். முதல் எண்ணுக்கு நேரே 'உபயோகத்தில் இல்லை' என்று எழுதினார். பிறகு மரியதாஸின் வரிசையைத் தொட்டு, நீக்கு என்பதை அமுக்கினார்.

திரையில் ஒரு கட்டம் எழும்பியது. 'இந்த வரிசை நிரந்தரமாக அழிக்கப்படும். நிச்சயமாக நீக்கவேண்டுமா?' கீழே ஆம், இல்லை.

விரல் 'ஆம்' என்பதற்கு மேலே போய் நின்றது.

வரிசையில் பிறந்த தேதி இருந்தது. பதினாலாம் தேதி. அடுத்த வாரம் வருகிறது.

"செத்தவர் பேரு பட்டியல்ல இருக்கக்கூடாது. முறை அதுதானே மேடம்?"

"முறை அதுதான்."

"நீக்கினா அந்த வாழ்த்து போகாது."

"போகாது."

"விட்டுவச்சா, நாளைக்கு வேற யாராவது இந்த நம்பருக்குப் போட்டு மரியதாஸ் இருக்காரான்னு கேப்பான்."

"கேப்பாங்க."

அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். கட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"இவ்வளவு கத்துக்கொடுத்தீங்க. இதை மட்டும் சொல்லிருங்க மேடம். ஆமா, இல்ல, எதை அமுக்கட்டும்?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றார் நிலோஃபர். "ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாரேன்னாங்கள்ல? போய் அவங்கட்ட கேளுங்க."